குறைத்துக் கட்டும் கூட்டு

இரண்டு பாக்டீரியாக்களைச் சேர்ந்து வாழவைக்க வேண்டுமானால், முதலில் இரண்டிடமிருந்தும் ஒவ்வொரு திறமையைப் பறித்துவிட வேண்டும். ஒன்றுக்கு லைசின் என்ற அமினோ அமிலம் செய்யத் தெரியக் கூடாது. மற்றதற்கு லியூசின் என்ற வேறோர் அமினோ அமிலம் செய்யத் தெரியக் கூடாது. தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் உயிருக்குப் பக்கத்தில் யார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சென்னையில் மாணவர் குழுக்களுக்குத் துணையாக ஆய்வகத்தில் நின்ற வருடங்களில் முதல் நாளே நான் இதைத்தான் சொல்வேன். இப்போது தாகேதாவில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமும் இதையே சொல்கிறேன். கேட்டவுடன் யாருக்கும் பிடிப்பதில்லை. சேர்ந்து வாழ்வது என்றால் ஒருவருக்கொருவர் கொடுப்பதுதானே, பறிப்பதில் எப்படித் தொடங்கும் என்று முகம் சுளிப்பார்கள். அந்தக் கேள்விக்குக் கையால் செய்து பார்த்துத்தான் பதில் காண முடியும் என்பது என் அனுபவம்.

தாகேதா, யாங்கோன் நகரின் கிழக்கே பசுண்டாங் ஓடைக்கும் பகோ ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் ஊர். 1950களின் கடைசியில் நகரத்துக் குடிசைவாசிகளைக் குடியேற்றுவதற்காக வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பாவோடு சேர்த்து இதையும் உண்டாக்கினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இங்குள்ள முதலைப் பண்ணைதான் அடையாளம். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் ரங்கூனுக்கு வந்தது. நான் பிறந்தது தாகேதாவில். படிக்கச் சென்னைக்குப் போனேன், அத்தை வீட்டில் தங்கி நுண்ணுயிரியல் படித்தேன், அங்கேயே ஒரு கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு வயதானபின் திரும்பி வந்துவிட்டேன். தெருவிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பர்மியப் பிள்ளைகளும்தான் இப்போது என் மாணவர்கள். பாதி தமிழ், பாதி பர்மியம். தமிழ்ப் பிள்ளைகள் டீச்சர் என்பார்கள், மற்றவர்கள் சயாமா என்பார்கள்.

சென்னையில் நான் கண்ட மாணவர் குழுக்களுக்கு வருடம் முழுவதும் ஒரே கனவுதான்: மரபணுத் துண்டுகளை இணைத்து உயிர்களுக்குப் புது வேலை கற்றுத்தரும் ஐஜெம் போட்டி. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், விடுமுறைக்கால வகுப்பொன்றாகத் தொடங்கியது அது. டாம் நைட், ட்ரூ எண்டி, ராண்டி ரெட்பர்க் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். 2004 கோடையில் 5 குழுக்கள் மோதின. பிறகு பல நாடுகளிலிருந்தும் குழுக்கள் வரத் தொடங்கின. 2012-இல் அது தனி அறக்கட்டளையாகப் பிரிந்தது. 2022 முதல் இறுதிச் சந்திப்பு பாரிஸில் நடக்கிறது. டி.என்.ஏ. துண்டுகளை ஒரே அளவு முனைகளோடு செய்து வைத்தால் யார் செய்த துண்டையும் யார் செய்த துண்டோடும் இணைக்கலாம் என்பது டாம் நைட்டின் எண்ணம். அந்தத் துண்டுகளைப் பொடிப் பொடிக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் உலரவைத்துக் குழுக்களுக்கு அனுப்புவார்கள். ஒரு குழியில் சில மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டால் போதும், அடியில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. கரைந்து வரும். முதன்முறை அதைச் செய்யும் பிள்ளையின் கை நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நடுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு 2008-லேயே போட்டிக்குப் போனது. 2018-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது அசினெட்டோபேக்டர் பெய்லி என்ற பாக்டீரியாவை. சுற்றிலும் கிடக்கும் டி.என்.ஏ.வைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும் இனம் அது. எல்லோரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைச் சுற்றியே வரும்போது வேறொரு உயிரைக் கையாளக் கருவிகள் செய்து தந்தது மதிக்க வேண்டிய வேலை. அதற்கும் முன்பு, 2009-இல், பெங்களூரின் சிருஷ்டி கலைப் பள்ளி மாணவர்கள் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் துணையோடு ஈ.கோலையிலிருந்து மண்வாசனையை வரவழைக்க இறங்கினார்கள். முதல் மழை விழுந்ததும் எழும் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின்னைச் செய்யும் மரபணுவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிடமிருந்து எடுத்தார்கள். அவர்கள் ஓவியமும் வடிவமைப்பும் படித்தவர்கள். உயிரியல் பட்டம் இல்லாதவர்களும் இந்த வேலைக்குள் நேர்மையாக நுழையலாம் என்று என்னை நம்பவைத்தது அந்தக் குழு. இன்று கூடத்தில் பாய் விரித்து வகுப்பெடுக்கும் தைரியமும் அங்கிருந்துதான் வந்தது.

ஒரே பாக்டீரியாவைப் பல வேலை செய்யவைப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. நாம் உள்ளே வைக்கும் ஒவ்வொரு மரபணுவும் அதன் புரதம் செய்யும் திறனில் ஒரு பங்கைத் தின்னும். ஐந்து மரபணு வைத்தால் வளர்ச்சி மந்தமாகும். வைத்ததைத் தூக்கியெறிந்த செல் வேகமாகப் பெருகித் தட்டையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் வந்தது. 2015-இல் எம்.ஐ.டி.யின் கிரிகோரி ஸ்டெபனோபூலஸ் குழுவினர் டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்துக்கான முன்பொருள்களைச் செய்ய, முதல் பாதியை ஈ.கோலையிடமும் அடுத்த பாதியை ஈஸ்ட்டிடமும் ஒப்படைத்தார்கள். ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் அது எத்தனால் விடும், அந்த எத்தனால் ஈ.கோலையை நசுக்கும். அதனால் சர்க்கரையை சைலோஸாக மாற்றினார்கள். அதைத் தின்று ஈ.கோலை அசிட்டேட்டை வெளியே விட, ஈஸ்ட் அந்த அசிட்டேட்டைத் தின்று வளர்ந்தது. மரபணுவில் செய்த வேலைக்கு இணையாக, எந்தச் சர்க்கரை என்ற சமையலறைக் கேள்வி அங்கே முடிவைத் தீர்மானித்தது. நான் இந்தக் கதையை எந்தக் குழுவுக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

மாணவர்கள் எப்போதும் கூட்டுவதில்தான் தொடங்குவார்கள். இந்தப் பாக்டீரியா ஒரு சமிக்ஞை மூலக்கூறு விடும், அந்தப் பாக்டீரியா அதைக் கேட்டு ஒளிரும் என்று வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டு நிரப்புவார்கள். அந்த வழியும் தவறில்லை. கடலில் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியா தன் கூட்டம் பெருகியதை அப்படித்தான் உணர்ந்து ஒளிர்கிறது. 1970-இல் கென்னத் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை அது. 2016-இல் ஐஜெம்மின் பெரும் பரிசை வென்ற லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்களும் அந்தச் சமிக்ஞைகளைத்தான் நம்பினார்கள். ஒரே குடுவையில் இரண்டு இனம் வளர்த்தால் வேகமானது மெதுவானதை விழுங்கிவிடும். அதைத் தடுக்க, இரண்டும் தத்தம் எண்ணிக்கையை வெவ்வேறு சமிக்ஞையால் அறிவித்து, உள்ளே இரண்டையும் ஒப்பிட்டு, மிகுந்துவிட்டது தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்ளும்படி அவர்கள் மரபணுச் சுற்று வரைந்தார்கள். கூட்டு வளர்ப்பில் விகிதம்தான் உயிர்நாடி என்பதை இளநிலை மாணவர்கள் அவ்வளவு தெளிவாகப் பிடித்தது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்தச் சுற்றில் பாகங்கள் அதிகம். முதல் வருடக் குழு ஒன்று அதைப் போலச் செய்யப் போனால் பாகங்களை இணைப்பதிலேயே கோடை முடிந்துவிடும்.

குறைத்துத் தொடங்கினால் பாகம் எதுவும் வேண்டாம். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தினர் 2006-இல் ஈ.கோலையின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி 3,985 வகைகள் செய்து உலகத்துக்குத் தந்தார்கள். அதில் லைசின் செய்ய முடியாததும் உண்டு, லியூசின் செய்ய முடியாததும் உண்டு. மரபணு முழுவதும் போய்விட்டதால் ஓரெழுத்து மாறிப் பழைய நிலைக்குத் திரும்பும் பயமும் இல்லை. இந்தத் தொகுப்பிலிருந்து, தனியே விட்டால் வளர முடியாத 46 வகைகளை எட்வின் வின்டர்மியூட்டும் பமேலா சில்வரும் எடுத்து, அத்தனை ஜோடிகளையும், அதாவது 1,035 ஜோடிகளையும், கலந்து பார்த்தார்கள். 2010-இல் வெளியிட்ட முடிவின்படி 17 விழுக்காடு ஜோடிகள் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. யாரும் அவற்றுக்குக் கொடுக்கச் சொல்லித்தரவில்லை. செல்லிலிருந்து கொஞ்சம் கசிகிறது, சில செல்கள் செத்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன, அதைப் பக்கத்தில் இருப்பது பொறுக்கிக்கொள்கிறது. குறை இருந்த இடத்தில் கசிவு உணவாகிவிட்டது.

இனி வேலையின் நுணுக்கம். இதை ஆய்வகத்தில் செய்யப்போகும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் இரண்டு வகைகளையும் சத்துள்ள எல்.பி. குழம்பில் வளர்ப்போம். அந்தக் குழம்பில் எல்லா அமினோ அமிலங்களும் உண்டு. மறுநாள் அதிலிருந்து சிறிது எடுத்து எம்9 என்ற வறிய ஊடகத்தில், உப்புகளும் குளுக்கோஸும் மட்டும் இருக்கும் தண்ணீரில், கலக்க வேண்டும். கழுவாமல் கலந்தால் எல்.பி.யின் அமினோ அமிலம் கூடவே வந்துவிடும். தனியே விட்ட வகையும் வளர்ந்து காட்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, உப்புநீரில் மறுபடி கலக்கி, மூன்று முறை கழுவ வேண்டும். மூன்றாவது கழுவல் தேவையா என்று ஒவ்வொரு குழுவும் கேட்கும். கழுவாத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்து வளர்க்கச் சொல்வேன். அதற்குப்பின் யாரும் கேட்டதில்லை.

வழக்கமாக டி.என்.ஏ. பெருக்கப் பயன்படும் டி.எச்.5ஆல்ஃபா என்ற ஈ.கோலையை இந்தச் சோதனைக்கு எடுத்துவிடக் கூடாது. அதற்குத் தயாமின் செய்யத் தெரியாது. எம்9-இல் தயாமின் சேர்க்காவிட்டால் எதைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் அது வளராது. வேலைக்காகப் பழக்கிய ஒவ்வொரு இனத்துக்கும் இப்படி ஒரு மறைந்த ஊனம் இருக்கும், அதன் பிறப்புச் சான்றிதழைப் படித்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி செல் என்ற அளவில் தொடங்கினால் வளரும் ஜோடி, அதை நூறில் ஒரு பங்காக்கித் தொடங்கினால் வளராமல் போகலாம். கசிந்த லைசின் துளி துணையிடம் போய்ச் சேருவதற்குள் குடுவையில் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். வென்யிங் ஷூ 2007-இல் ஈஸ்ட்டைக் கொண்டு இதை அழகாகக் காட்டினார். ஒரு ஈஸ்ட்டுக்கு அடினின் வேண்டும், லைசினை அள்ளி விடும். மற்றதற்கு லைசின் வேண்டும், அடினினை அள்ளி விடும். ஒன்று சிவப்பாக ஒளிரும், ஒன்று மஞ்சளாக. வெகுவாக வேறுபட்ட விகிதங்களில் கலந்தாலும் பல தலைமுறைகளில் இரண்டும் ஒரே விகிதத்துக்கு வந்து நின்றன. சமிக்ஞை இல்லை, ஒப்பிடும் சுற்று இல்லை. ஒன்று குறைந்தால் அது தரும் பொருளும் குறைகிறது, அதனால் மற்றதன் வளர்ச்சியும் மந்தமாகிறது, அவ்வளவுதான். இம்பீரியல் மாணவர்கள் அத்தனை பாகம் வைத்துக் கட்டிய அடக்கம், இங்கே பசியிலேயே இருக்கிறது.

விகிதத்தை எண்ணுவதற்கும் எளிய வழி உண்டு. ஒளிரும் புரதம் வைத்துச் செல்களுக்கு நிறம் கொடுக்கத் தேவையில்லை. கலவையை நன்றாக நீர்த்து, லைசின் மட்டும் சேர்த்த எம்9 தட்டில் பரப்பினால் லைசின் இல்லாமல் தவிக்கும் வகை மட்டும் புள்ளி வைக்கும். லியூசின் மட்டும் சேர்த்த தட்டில் மற்றது. எதுவும் சேர்க்காத தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதில் புள்ளி தெரிந்தால் வெளியார் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள், குழாயைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கூட்டுக் குழாய் கலங்கித் தெரிய ஒரு நாள் போதாது. இரண்டாம் நாளும் தெளிவாக நிற்கும். மூன்றாம் நாள் காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது தனியே விட்ட இரண்டும் கண்ணாடியாக இருக்க, சேர்த்தது மட்டும் பால் கலந்தது போல் கலங்கியிருக்கும். ஒரு குழுவில் எப்போதும் பேசாத பெண் ஒருத்தி அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "தனியா ஒண்ணுகூட வளரலையே மேடம், ரெண்டுக்கும் என்ன இல்லையோ அதுதானே ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் சொல்லித்தர ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

எல்லாக் குறையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2014-இல் மைக்கேல் மீ, ஹாரிஸ் வாங் முதலானோர் 14 வகைகளை 91 ஜோடிகளாக்கிப் பார்த்தபோது, மெத்தியோனின், லைசின், ஐசோலியூசின், அர்ஜினின் போல, செய்வதற்குச் செலவு அதிகமான அமினோ அமிலங்களை இழந்தவை நல்ல கூட்டாளிகளாக அமைந்தன. செல்லுக்குச் செலவு மிகுந்த பொருளை அயலாரிடம் வாங்கிக்கொண்டால் மிச்சமாவது அதிகம். 14-ஐயும் ஒரே குடுவையில் விட்டு நாள்தோறும் நீர்த்து வளர்த்தபோது பல மறைந்து, சிலவே நிலைத்தன. பெரிய கூட்டணி கட்ட ஆசைப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் இந்த முடிவைக் காட்டுவேன். இரண்டோடு ஒரு கோடையைக் கழியுங்கள், மூன்றாவதை அடுத்த குழு சேர்க்கட்டும் என்பேன்.

ஏமாற்றும் செல்லைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. கசிவு தற்செயலாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. லைசினை அள்ளித் தரும்படி ஒரு வகையை நாம் மாற்றினால், அந்தத் தாராளம் அதற்குச் சுமை. கொடுப்பதை நிறுத்திவிட்டு வாங்குவதை மட்டும் தொடரும் ஒரு செல் எப்போதாவது தோன்றும். கலக்கிக்கொண்டே இருக்கும் குடுவையில் அது வேகமாகப் பெருகிக் கொடுப்பவரைத் தள்ளிவிடும், கடைசியில் கூட்டே சரியும். அகார் தட்டில் கதை வேறு. அங்கே யாரும் நகர்வதில்லை. கொடுப்பவரைச் சுற்றி அவரிடமிருந்து பெற்றுத் திருப்பிக் கொடுப்பவர் வளர்கிறார். கொடுக்காதவர் ஓரத்தில் ஒதுங்கிப்போகிறார். ஷூவின் குழு 2013-இல் ஈஸ்ட் கூட்டத்தைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் இதைப் பார்த்துக் காட்டியது. அதனால் கூட்டு வளர்ப்பை நீண்ட நாள் ஓட்ட வேண்டுமென்றால் குலுக்கும் மேசையிலிருந்து இறக்கித் தட்டிலோ ஜெல் உருண்டையிலோ வையுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து. குலுக்கினால் சீராக வளரும் என்ற பழக்கம் ஒற்றை இன வளர்ப்பிலிருந்து வந்தது, கூட்டுக்கு அது பொருந்தாது.

தாகேதாவில் இதில் எதையும் அப்படியே செய்ய முடியாது. மரபணு மாற்றிய உயிரை வீட்டில் வைப்பது சரியில்லை, நான் வைக்கவும் மாட்டேன். மின்சாரம் முறைவைத்து வருகிறது. போன பிறகு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குளிர்பதனப் பெட்டியை நம்பி எந்த வளர்ப்பையும் வைக்க வழியில்லை. ஆனால் குறைத்துப் பார்க்கும் முறைக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

தயிரில் தொடங்கினோம். 1905-இல் ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பல்கேரிய மாணவர் ஸ்டாமன் கிரிகோரோவ் தன் நாட்டுத் தயிரில் கண்டுபிடித்த கம்பி வடிவப் பாக்டீரியாதான் இன்று பல்கேரிகஸ் என்ற பெயரில் உலகெங்கும் தயிர்க் கம்பெனிகளில் இருக்கிறது. அதன் கூட்டாளி சங்கிலி சங்கிலியாக நிற்கும் உருண்டை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். பால் புரதத்தை வெட்டிச் சிறு துண்டாக்கும் கத்தி கம்பியிடம் இருக்கிறது. உருண்டைக்கு அது பெரும்பாலும் இல்லை. கம்பிக்கு ஃபார்மிக் அமிலம் வேண்டும், தானே செய்யத் தெரியாது. உருண்டை அதையும் ஃபோலேட்டையும் கரியமில வாயுவையும் தருகிறது. மனிதர் யாரும் கட்டாத கூட்டு, ஆனால் அமைப்பு அதேதான்: இரண்டிலும் ஒவ்வொரு குறை. கடைத் தயிரில் ஒரு கரண்டி, காய்ச்சி ஆறவைத்த பால், வெந்நீர் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்தான் இன்குபேட்டர். மணிக்கொருமுறை சொட்டு எடுத்து பி.எச். காகிதத்தில் வைத்து, மீன் தொட்டிக் கடையில் வாங்கிய மெத்திலீன் நீலத்தில் நிறமேற்றி, பழைய பள்ளி நுண்ணோக்கியில் எண்ணினோம். ஆரம்பத்தில் சங்கிலிகள் மிகுதி. புளிப்பு ஏற ஏறக் கம்பிகள் பெருகின. நோட்டில் இரண்டு பத்தியாக எண்களை எழுதிக்கொண்டே வந்த பையன், "டீச்சர், புளிப்பைக் கூட்டுறது யாரு, அதுல பிழைக்கிறது யாருன்னு தனித்தனியா எழுதணுமா?" என்று கேட்டான். எழுதச் சொன்னேன். விகிதம் என்ற சொல்லை அதுவரை நான் உச்சரிக்கவே இல்லை.

பால்காரரிடம் வாங்கும் உறையிட்ட தயிரில் இந்த இரண்டும் மட்டும் இருப்பதில்லை, வேறு பலவும் உண்டு. அதனால் அதை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்தோம்.

அதற்குப் பிறகு சேறு. பசுண்டாங் ஓடையில் வற்றம் இறங்கும்போது கரையில் கறுப்புச் சேறு தெரியும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். கடலிலிருந்து ஏறி வரும் நீரின் சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக விடும் பாக்டீரியாக்களின் வேலை அது. கீவில் பிறந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880களில் இப்படிப்பட்ட சேற்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெளிச்சத்தில் வைத்தார். நாங்கள் தண்ணீர் பாட்டிலில் வைத்தோம். சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை மஞ்சள் கரு, மேலே ஓடைத் தண்ணீர். காகிதத்தை உடைப்பவர் விடும் அமிலத்தைச் சல்ஃபேட் சுவாசிப்பவர் தின்கிறார்; அவர் விடும் சல்ஃபைடைப் பச்சை, ஊதா பாக்டீரியாக்கள் வெளிச்சத்தின் உதவியோடு பயன்படுத்துகின்றன. ஒருவர் கழிவு அடுத்தவர் சோறு. வாரங்கள் போகப்போக அடியில் கறுப்பும் அதன்மேல் பச்சையும் ஊதாவும் துருச் சிவப்பும் பட்டையாக ஏறும்.

எல்லாப் பொருளும் போட்ட பாட்டில் ஒன்றுதான். மற்றவற்றில் ஒவ்வொன்றைக் குறைத்தோம். ஒன்றில் காகிதம் இல்லை. ஒன்றில் முட்டை இல்லை. ஒன்றுக்கு வெளிச்சம் இல்லை, அலமாரிக்குள். எது மறைந்தது, எது மெலிந்தது, எது கவலையே படவில்லை என்று பிள்ளைகள் வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டே வந்தார்கள். அலமாரியில் வைத்த பாட்டிலில் கறுப்பைத் தவிர வேறு நிறம் காணவில்லை. காகிதம் இல்லாததில் நிறங்கள் வந்தன, ஆனால் மெல்லிசாக, மிகவும் தாமதித்து. ஒருவரை எடுத்துவிட்டால் யார் பட்டினி கிடப்பார் என்று பார்த்துத்தான் யார் யாருக்கு ஊட்டுகிறார் என்று கண்டுபிடிக்கிறோம் என்பதை அவர்களுக்கு வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை. கெய்யோ தொகுப்பில் மரபணு மரபணுவாகச் செய்வதையே இந்தப் பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாகச் செய்துவிட்டார்கள்.

அறிவியலில் பெரியவர்களுக்கே இப்படிப் பிரித்துப் பார்க்க நாளாயிற்று. மெத்தனோபாசில்லஸ் ஒமேலியான்ஸ்கி என்றொரு உயிர் எத்தனாலைத் தின்று மீத்தேன் விடுகிறது என்று 1930களிலிருந்து பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1967-இல் மார்வின் பிரையன்ட் குழுவினர் அதைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றென்று நினைத்தது இரண்டாக இருந்தது. ஒன்று எத்தனாலை உடைத்து ஹைட்ரஜன் விடும், ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அதற்கு வேலை நின்றுவிடும். மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் செய்யும். எத்தனாலில் தனியே விட்டால் முதலாவது திணறும், இரண்டாவது தொடவே தொடாது. முப்பது வருடம் ஒரே பெயரில் வாழ்ந்த கூட்டு அது.

பிள்ளைகளில் மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கணினி தெரியும். அவளுக்கு நான் கொடுத்தது ஈ.கோலையின் கணக்கு மாதிரி. ஐ.எம்.எல்.1515 என்பது அதன் பெயர். 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் கொண்ட கோப்பு, இலவசமாகக் கிடைக்கிறது. இருக்கும் உணவில் செல் எவ்வளவு வேகமாக வளர முடியும் என்று கணக்கிடும். ஒரு மரபணுவை மடிக்கணினியிலேயே நீக்கலாம். பாட்டரி மிச்சம் இருந்தால் போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் கார்த்திக் ராமன் குழுவினர் இத்தகைய மாதிரிகளைக் கோத்து நுண்ணுயிர்க் கூட்டங்களை ஆராய்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வாழும் நுண்ணுயிர்களைக்கூட, நாசாவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரனோடு சேர்ந்து, கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் மூத்தவள் லைசின் மரபணுவை நீக்கினாள், வளர்ச்சி பூஜ்யம் என்று வந்தது. வெளியிலிருந்து லைசின் கொடுத்தாள், வளர்ந்தது. இரண்டு மாதிரிகளை ஒரே குடுவையில் இணைத்து ஒவ்வொன்றும் தன் வளர்ச்சியை மட்டும் உச்சமாக்கச் சொன்னாள். இரண்டும் பூஜ்யம்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரி வரல. இதுல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதுவும் தரவே மாட்டேங்குது."

அந்தப் பூஜ்யம்தான் இந்த வருடம் எங்கள் வகுப்பில் கிடைத்த மிக நல்ல முடிவு. தன் வளர்ச்சியை மட்டும் பார்க்கும் செல் ஒரு மூலக்கூறைக்கூட வீணாக வெளியே விடாது. அதனால் கணக்கில் கசிவு இல்லை, கசிவு இல்லாததால் கூட்டும் இல்லை. உண்மையான செல் அவ்வளவு இறுக்கமாக இல்லை. அதன் சவ்வில் ஓட்டை உண்டு, சாவு உண்டு, மிகையாகச் செய்துவிட்டு வெளியே தள்ளும் தருணங்களும் உண்டு. இதைச் சொன்னதும் அவள் கேட்ட அடுத்த கேள்வி: கசிவு எவ்வளவு இருந்தால் கூட்டு எழும்பும்? இப்போது லைசினுக்கும் லியூசினுக்கும் ஒரு சிறு கட்டாயக் கசிவை வைத்து, அதைப் படிப்படியாகக் கூட்டி, எந்த இடத்தில் வளர்ச்சி பூஜ்யத்தைவிட்டு மேலேறுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். லைசினின் எல்லையும் லியூசினின் எல்லையும் வேறுவேறாக வருகின்றன. அடுத்து அர்ஜினின், மெத்தியோனின். மீ குழுவினரின் 91 ஜோடிகளோடு தன் அட்டவணையை ஒப்பிட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மின்சாரம் வரும் நேரத்தில் மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, போன பிறகு கணக்கை ஓட்டுகிறாள்.